உறங்காத இரவும் உழைப்பின் கணக்கே

(மாதர் பயிலரங்கில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



பிரிட்டனில் சம ஊதியச் சட்டம் 1970-இல் நிறைவேறியது. நடைமுறைக்கு வந்ததோ 1975 இறுதியில். அந்த இடைக்காலத்தில் மேரி கெல்லி, கே ஹண்ட், மார்கரெட் ஹாரிசன் ஆகிய மூன்று பெண் கலைஞர்கள் லண்டனின் தகர டப்பா ஆலையொன்றில் 150 பெண் தொழிலாளர்களின் வேலையைப் பதிவு செய்தனர். அதுவே ‘பெண்களும் வேலையும்’ என்னும் நிறுவல் கலைப்படைப்பாக 1975-இல் காட்சிக்கு வந்தது. ஓவியச் சட்டகங்களுக்கு மாறாக அங்கே நிழற்படங்களும் ஒலிப்பதிவுகளும் தொழிலாளரின் அன்றாட நேரப் பட்டியல்களும் இருந்தன. விழித்தது முதல் படுத்தது வரை எழுதப்பட்ட அப்பட்டியல்களில் பெண்ணின் நாள் ஆலைச் சங்கோடு முடியவில்லை. வேலைக்கு முன்னும் பின்னும் சமையலும் பிள்ளை வளர்ப்பும் நின்றன.

பின்னர் மேரி கெல்லி, 1984 முதல் 1989 வரை உருவாக்கிய ‘இடைக்காலம்’ என்னும் நிறுவலில், நடுவயதுப் பெண்ணைக் கருப்பொருளாக்கினார். அதன் முதற்பகுதியில் பெண்ணுருவமே கிடையாது. ஆளற்ற உடைகளும், மூப்படைதல் குறித்த பெண்களின் பேச்சும் மட்டுமே உண்டு. அவளைக் காண மறுக்கும் சமூகத்தை அந்த வெற்றுடைகள் காட்டிக்கொடுக்கின்றன.

மாதவிடாய் நிற்கும் பருவத்தில் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைய, உடலின் வெப்பக் கட்டுப்பாடு தடுமாறுகிறது. நள்ளிரவில் உடலெங்கும் அனல் பரவி, வியர்வையில் நனைந்து பெண் விழித்தெழுகிறாள். விடியுமுன் அடுப்படி அழைக்கிறது. பிறகு ஆலையோ வயலோ அழைக்கிறது. இழந்த உறக்கம் எந்த வருகைப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

இந்த மௌனத்தின் கொடிய விளைவை மராட்டியத்தின் பீட் மாவட்டத்தில் காணலாம். கரும்பு வெட்டும் பெண் ஒருநாள் வராவிட்டால் கூலி போவதோடு அபராதமும் விழும். அந்த அச்சமும் மருத்துவர் சிலரின் லாபவெறியும் சேர்ந்து, இளம்பெண்களைக் கருப்பை அகற்றும் அறுவைக்குத் தள்ளின. 2019-இல் மாநில அரசின் குழு ஆய்ந்த 82,000-க்கு மேற்பட்ட பெண்களில் 13,000-க்கு மேற்பட்டோர் அந்த அறுவைக்கு உள்ளானவர்கள். சினைப்பைகளையும் இழந்தோருக்கு, பல்லாண்டுகள் கழித்து மெல்ல வரவேண்டிய பருவமாற்றம் ஒரே நாளில் வந்துவிடுகிறது.

இதைப் ‘பெண்களின் சொந்த விஷயம்’ என்று ஒதுக்கும் பழக்கம் இயக்கத்திற்குள்ளும் இருக்கிறது. கூலியும் வேலைநேரமும் அரசியல் என்றால், உறக்கமும் அரசியலே. பணியிட ஓய்வறை, இரவுப்பணி மாற்றம், ஊதியத்துடன் கூடிய மருத்துவ விடுப்பு ஆகியவை கோரிக்கை மனுக்களில் இடம்பெற வேண்டும். அதற்கு முன், ஒவ்வொரு தொழிற்சங்கக் கிளையும் ஓர் உழைக்கும் பெண்ணின் இருபத்து நான்கு மணிநேரத்தை அவள் சொல்லக் கேட்டு எழுதட்டும். அவள் விழித்திருந்த இரவையும் சேர்த்தே எழுதட்டும்.