சேப்பாக்கத்தில் கடைசி நாள்



என் கையில் இருப்பது ஒரு லாங் சைஸ் நோட்டு. இந்த அறக்கட்டளை யாருடைய நினைவாக நிறுவப்பட்டதோ, அந்த ஐயா கைப்பட எழுதிய ஸ்கோர் நோட்டு இது. வானொலியைக் கேட்டுக்கொண்டே பந்துக்குப் பந்து குறித்துக்கொள்வார். ரன் இல்லாத பந்துக்கு ஒரு புள்ளி. விக்கெட் விழுந்தால் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. நீலப் பேனாவும் சிவப்புப் பேனாவும் அவர் சட்டைப் பையை விட்டு இறங்கியதே இல்லை. கீழ்க்கட்டளை ஏரிக்கரைப் பக்கம் இருந்த அவர் வீட்டுத் திண்ணையில் அவரோடு உட்கார்ந்து நானும் எத்தனையோ ஆட்டங்கள் கேட்டிருக்கிறேன். வீட்டார் இந்த நோட்டை என்னிடம் கொடுத்து, “இதிலிருந்து ஏதாவது பேசுங்கள்” என்றார்கள். பிரித்தேன். 22.3.2001 என்று தேதியிட்ட பக்கத்தில் விரல் நின்றுவிட்டது. இன்று நான் பேசப்போவதெல்லாம் அந்தப் பக்கத்தைப் பற்றித்தான்.

2001 தொடர் எப்படித் தொடங்கியது என்பதை இளையவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஸ்டீவ் வாவின் ஆஸ்திரேலிய அணி தொடர்ந்து 15 டெஸ்டுகளை வென்றுவிட்டு இங்கே வந்து இறங்கியது. 1969-70க்குப் பிறகு இந்திய மண்ணில் அவர்கள் ஒரு தொடரையும் வென்றதில்லை. அந்த ஒரு குறையைத் தீர்த்துவிட்டுத்தான் போவது என்று வந்தார்கள். மும்பையில் முதல் டெஸ்ட் மூன்றே நாளில் முடிந்தது. இந்தியா 176, 219. ஹெய்டன் 119, கில்கிறிஸ்ட் 122. பத்து விக்கெட் தோல்வி. ஆஸ்திரேலியாவுக்கு அது தொடர்ச்சியான 16ஆவது டெஸ்ட் வெற்றி. நம் பக்கம் தோள் காயத்தால் கும்ப்ளே இல்லை. அவர் இடத்தை நிரப்ப வந்தவர் ஜலந்தரைச் சேர்ந்த 20 வயதுப் பையன் ஹர்பஜன் சிங். மும்பையில் அவருக்குக் கிடைத்தது 4 விக்கெட்.

கொல்கத்தாவை நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வீர்கள். ஹர்பஜனின் ஹாட்ரிக், 274 ரன் பின்தங்கி ஃபாலோ ஆன், லட்சுமண் 281, திராவிட் 180. மார்ச் 14 அன்று காலையிலிருந்து மாலைவரை ஒரு விக்கெட்டும் விழாமல் இருவரும் ஆடினார்கள். அன்று ஒரே நாளில் 335 ரன். ஃபாலோ ஆன் ஆடிய அணி டெஸ்டை வென்றது அதற்கு முன் இரண்டே முறை: 1894இல் சிட்னியில், 1981இல் ஹெடிங்லியில். இந்தியா 171 ரன் வித்தியாசத்தில் வென்றது. தொடர் 1-1.

இங்கேதான் என் வாதம் தொடங்குகிறது. கொல்கத்தாவுக்கு இன்றைக்கு இருக்கும் பெருமையைத் தந்தது சேப்பாக்கம். ஊர்ப்பற்றில் பேசுகிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். 1999-2000இல் ஆஸ்திரேலியாவில் நாம் 0-3 என்று தோற்றிருந்தோம். கோப்பை அவர்கள் கையில் இருந்தது. சென்னை டெஸ்ட் டிரா ஆகியிருந்தாலே போதும், தொடர் சமனாகி, கோப்பையை அவர்களே திரும்ப எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள்.

மகன் வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தபோது, பாஸ்டன் நகரின் ஃபென்வே பார்க் பேஸ்பால் மைதானத்தைப் பார்த்தேன். இடது பக்க எல்லையில் ஒரு மஞ்சள் கம்பம். ஃபிஸ்க் கம்பம் என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். 1975இல் அந்நாட்டு பேஸ்பால் சாம்பியன் பட்டத்துக்கான ஏழு ஆட்டத் தொடரில், பாஸ்டன் 2-3 என்று பின்தங்கியிருந்தது. ஆறாவது ஆட்டம் நள்ளிரவைத் தாண்டி 12ஆவது இன்னிங்ஸுக்குப் போனது. கார்ல்டன் ஃபிஸ்க் அடித்த பந்து உயரே போய் அந்தக் கம்பத்தில் பட்டது. கம்பத்துக்கு வெளியே போயிருந்தால் அது கணக்கில் வராத அடி. பட்டதால் ஹோம் ரன், பாஸ்டனுக்கு வெற்றி. பந்து உள்ளே வரட்டும் வரட்டும் என்று அவர் இரண்டு கையையும் வீசிக்கொண்டே குதித்து ஓடிய படத்தை இன்றும் அங்கே காட்டுகிறார்கள். ஆனால் அடுத்த ஆட்டத்தில் சின்சினாட்டி 4-3 என்று வென்றது. பட்டம் சின்சினாட்டிக்குப் போனது. அந்தக் கம்பத்தின் கீழே நின்றபோது எனக்குச் சேப்பாக்கம்தான் நினைவுக்கு வந்தது. சேப்பாக்கத்தில் விக்கெட் கீப்பர் திகேயும் ஹர்பஜனும் இல்லையென்றால், லட்சுமணின் 281ஐ நாமும் இப்படித்தான் ஒரு கம்பத்தைப் போலப் போற்றிக்கொண்டு இருந்திருப்போம்.

ஆட்டத்துக்கு வருகிறேன். மார்ச் 18, ஞாயிற்றுக்கிழமை. ஐயாவும் நானும் முதல் நாளுக்கு மட்டும் டிக்கெட் எடுத்துப் போனோம். பேருந்தில் அண்ணா சாலை வரை போய், அங்கிருந்து வாலாஜா சாலையில் நடை. அன்று முழுக்க ஹெய்டன்தான். உயரமான மனிதர், முன்காலை நீட்டி, முட்டி போட்டு, சுழற்பந்தைத் துடைப்பத்தால் பெருக்குவதுபோல ஸ்வீப் செய்துகொண்டே இருந்தார். ஐயா பக்கத்தில் உட்கார்ந்து, “இவர் ஒருத்தரை விட்டுவிட்டு மற்றவரை எடுக்க வேண்டும், தம்பி” என்றார். மறுநாள் அதுதான் நடந்தது. 340க்கு 3 என்று இருந்தபோது, ஹர்பஜனின் பந்தை ஸ்டீவ் வா ஸ்வீப் செய்யப்போய்த் தவறவிட்டார். காலில் பட்ட பந்து எகிறி ஸ்டம்ப் பக்கம் விழப்போக, அவர் தன்னையறியாமல் கையால் தள்ளிவிட்டார். பந்தைக் கையாண்டதற்காக அவுட். அந்த விதி இன்று தனியாக இல்லை; 2017இல் ஃபீல்டிங்கைத் தடுப்பதற்கான விதியோடு சேர்த்துவிட்டார்கள். கேப்டன் போனதும் கட்டு அவிழ்ந்ததுபோல் ஆனது. 391க்கு ஆல் அவுட். ஹெய்டன் மட்டும் 203.

இந்தியா 501 எடுத்தது. டெண்டுல்கர் 126. தாஸ் 84, திராவிட் 81, லட்சுமண் 65, நம் ஊர்ப் பிள்ளை சடகோபன் ரமேஷ் 61. இரண்டாம் இன்னிங்ஸில் ஆஸ்திரேலியா 264. ஹர்பஜன் 84 ரன்னுக்கு 8 விக்கெட். அந்த டெஸ்டில் விழுந்த 20 ஆஸ்திரேலிய விக்கெட்டுகளில் 15 அந்தப் பையனுடையவை. இன்னொன்று ஸ்டீவ் வா தம் கையாலேயே கொடுத்தது. தொடர் முழுவதிலும் ஹர்பஜனுக்கு 32 விக்கெட், வார்னுக்கு 10.

ஐந்தாம் நாள். 155 எடுத்தால் தொடர் நமக்கு. ஏதோ சில்லறைக் கணக்குபோலத் தெரியும். ஆனால் சேப்பாக்கத்தை அறிந்த எவருக்கும் அன்று காலை வயிறு கலங்கியே இருந்தது. அதற்கான காரணம் முந்தைய இரண்டு கடைசி நாள்கள்.

1986 செப்டம்பர். வெயிலில் டீன் ஜோன்ஸ் வாந்தி எடுத்துக்கொண்டே 210 அடித்த ஆட்டம். கடைசி நாளில் இந்தியாவுக்கு 348 தேவை. ரவி சாஸ்திரி ஒரு ரன் எடுத்து ஸ்கோரைச் சமன் செய்தார். மணிந்தர் சிங் மறுமுனைக்கு வந்தார். கிரெக் மேத்யூஸ் பந்தில் எல்.பி.டபிள்யூ. டெஸ்ட் வரலாற்றில் இரண்டாவது ‘டை’. ஐயா அன்று மைதானத்தில் இருந்தார்.

1999 ஜனவரி 31. பாகிஸ்தானுக்கு எதிராக 271 தேவை. 82க்கு 5 என்ற நிலையிலிருந்து டெண்டுல்கர் மோங்கியாவோடு சேர்ந்து ஆட்டத்தை மீட்டார், முதுகு வலியோடு 136 அடித்தார். அவர் போனபோது 17 ரன்தான் வேண்டும், கையில் 3 விக்கெட். அந்த மூன்று விக்கெட்டும் நான்கே ரன்னில் விழுந்தன. 12 ரன்னில் தோல்வி. அதற்குப் பிறகு கூட்டம் எழுந்து நின்று பாகிஸ்தான் வீரர்களுக்குக் கை தட்டியதையும், அவர்கள் மைதானத்தைச் சுற்றி வந்ததையும் உலகமே பேசியது. ஐயா அன்றும் அங்கே இருந்தார், அழுதுகொண்டே கை தட்டினார். வீடு திரும்பியதும், “கடைசி நாளுக்கு நான் போனால் அது உருப்படாது” என்று சொல்லிவிட்டார். அதை ஒரு நேர்த்திக்கடன்போலக் காத்தார். 2001 மார்ச் 22 அன்று காலை நான் கிளம்பி நின்றபோது, “நான் வரலே தம்பி. நீயும் போகாதே, இங்கேயே உட்கார்” என்றார். உட்கார்ந்தேன். உள்ளே தூர்தர்ஷன் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அந்தப் பக்கமே போகவில்லை. திண்ணையில் வானொலி, மடியில் இந்த நோட்டு.

இப்போது இந்தப் பக்கத்தைப் பாருங்கள். மேலே தாஸ், 9. அவருக்கு எதிரே சிவப்புப் பெருக்கல். ரமேஷ் 25, ரன் அவுட். அந்த இடத்தில் மை கொஞ்சம் அழுத்தமாக விழுந்திருக்கிறது. லட்சுமணின் வரிசை மட்டும் நீளமாகப் போகிறது. 101இல் டெண்டுல்கர், 117இல் கங்குலி, 122இல் திராவிட். 135இல் லட்சுமண். மில்லர் குட்டையாகப் போட்ட பந்தை 66இல் இருந்த லட்சுமண் ஓங்கி இழுத்தார். மார்க் வா மிட்விக்கெட்டில் தாழப் பாய்ந்து பிடித்தார். அது கேட்சா, எட்டிப் பறித்ததா என்று அன்றைக்குப் பார்த்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். அதே 135இல் பஹுதுலேயும் ரன் எடுக்காமல் போனார். ஏழு விக்கெட். இன்னும் 20 ரன். 1999இல் 17, இப்போது 20. கையில் அதே மூன்று விக்கெட்.

ஏழாவது ஆட்டக்காரரின் வரிசைக்கு வாருங்கள். முதலில் அங்கே பெயரே இல்லை. ‘மோங்கியாவுக்குப் பதில் கீப்பர்’ என்றுதான் எழுதியிருக்கிறார். காயமடைந்த மோங்கியாவுக்குப் பதிலாக வந்த சமீர் திகேக்கு அதுதான் முதல் டெஸ்ட், வயது 32. பெரிய புகழ் எதுவும் சேராத வயது. ஒரு பக்கம் மெக்ராத், மறுபக்கம் மில்லர். அவர் பெயருக்கு நேரே புள்ளி, புள்ளி, ஒன்று, புள்ளி என்று கோலம் போட்டதுபோல ஒரு வரிசை. 151இல் ஜாகீர் கான் ரன் எடுக்காமல் மார்க் வாவிடம் கேட்ச். எட்டு விக்கெட். நான்கு ரன் வேண்டும். ஹர்பஜன் உள்ளே வந்தார்.

அப்போது ஐயா பேனாவைக் கீழே வைத்துவிட்டு வானொலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அதனால்தான் கடைசிச் சில பந்துகளுக்குக் குறி இல்லை, பாருங்கள், கட்டங்கள் காலியாக இருக்கின்றன. மெக்ராத்தின் பந்தை ஹர்பஜன் பாயிண்ட் பக்கம் தட்டிவிட்டு ஓடினார். ஒன்று. திரும்பி, இரண்டு. தெருவில் யாரோ சைக்கிளை அப்படியே போட்டுவிட்டுக் கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. ஐயா சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பேனாவை எடுத்து, ‘கீப்பர்’ என்று எழுதியிருந்ததன் மேலே, அழகான எழுத்தில் ‘சமீர் திகே, 22, அவுட் இல்லை’ என்று எழுதினார். வெற்றி என்றோ, இரண்டு விக்கெட் வித்தியாசம் என்றோ, தொடர் 2-1 என்றோ பக்கத்தில் எங்கும் இல்லை. அவர் எழுத நினைத்தது அந்தப் பெயரை மட்டும்.

திகே மொத்தம் ஆடியது 6 டெஸ்ட். அந்த 22 ரன்னைத் தனியே எடுத்துப் பேசுகிறவர் குறைவு. நான் இங்கே வந்து நிற்பதே அதைப் பேசத்தான்.

2004 அக்டோபர் 18 பக்கத்தையும் காட்டுகிறேன். மீண்டும் ஆஸ்திரேலியா, மீண்டும் சேப்பாக்கம், மீண்டும் கடைசி நாள். 229 தேவை, முந்தைய நாள் மாலை விக்கெட் இழப்பின்றி 19. அன்று காலையிலிருந்து வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டது; ஒரு பந்துகூட வீசவில்லை. அந்தத் தொடரை அவர்கள் 2-1 என்று வென்று போனார்கள். பக்கத்தில் இரண்டு பெயர், ‘மழை’ என்ற ஒரு சொல், மீதி வெறும் கட்டங்கள்.

2008 டிசம்பரில் இங்கிலாந்து வந்தது. மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு அகமதாபாதிலிருந்து இங்கே மாற்றப்பட்ட டெஸ்ட் அது. இந்தியாவுக்கு 387 தேவை. நான்காம் நாள் மாலை சேவாக் 83 அடித்து நம்பிக்கையை விதைத்துவிட்டுப் போனார். அன்றிரவு ஐயா என்னைக் கூப்பிட்டு, “நாளைக்கு டிக்கெட் கிடைக்குமா?” என்று கேட்டார். நான் அவரை உற்றுப் பார்த்தேன். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். டிசம்பர் 15 காலை வாலாஜா சாலையில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். டெண்டுல்கர் ஸ்வானைப் பின்பக்கமாகத் தட்டி நான்கு ரன் எடுத்தபோது சதமும் வெற்றியும் ஒரே பந்தில் வந்தன.

அந்த நாளுக்கு இந்த நோட்டில் பக்கம் இல்லை. ஐயா அன்று மைதானத்தில் இருந்தார்.