பெட்டிக்குள் பாம்பு, பிறீசருக்குள் எலி



வழக்கமாக இந்த நேரத்தில் வருமான வரி, காப்புறுதி என்று கணக்கு வழக்குப் பேசுகின்ற நான், இன்று பாம்புக்கு உணவு கொடுப்பது பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிரிக்க வேண்டாம். இதுவும் கடைசியில் ஒரு கணக்கில்தான் வந்து முடியும்.

ஹம் நகரத்தை எங்களுக்குக் காமாட்சி அம்பாள் ஆலயத்தால் தெரியும். 2002ஆம் ஆண்டு கும்பாபிஷேகம் நடந்த நாளிலிருந்து, டோர்ட்மண்டிலிருந்து தேருக்குப் போகாத தமிழ்க் குடும்பம் குறைவு. அதே நகரத்தில்தான் 'தெராரிஸ்டிக்கா' என்ற பெயரில், உலகத்தின் மிகப் பெரிய ஊர்வனச் சந்தைகளில் ஒன்றும் கூடுகிறது. பாம்பு, ஓணான், ஆமை என்று எல்லாம் அங்கே விலைக்கு வரும். சில ஆண்டுகளுக்கு முன்னர் எனது மகன் பள்ளி நண்பர்களுடன் அங்கே போய் வந்தான். அப்போது அவனுக்குப் பதினைந்து வயது. வந்தவன் ஒரு மலைப்பாம்பு வளர்க்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான்.

பாம்பு வளர்ப்பு என்றதும் 2019 ஓகஸ்டில் எங்கள் அயல் நகரமான ஹேர்னவில் ஒரு நாகம் தப்பியோடி, வீடுகளிலிருந்து ஆட்களை வெளியேற்றிய சம்பவம் பலருக்கு நினைவு வரும். அதன் பின்னர் எங்கள் மாநிலத்தில், 2021 ஜனவரி 1 முதல், கடும் நஞ்சுள்ள பாம்புகளைப் புதிதாக வாங்கி வளர்ப்பது தடைசெய்யப்பட்டுவிட்டது. நான் சொல்வது நஞ்சில்லாத பாம்புகளைப் பற்றி. மகன் கேட்டது, இங்கே 'அரச மலைப்பாம்பு' என்று பொருள்படும் பெயரால் அழைக்கப்படுகின்ற ஆபிரிக்கப் பாம்பு. பயந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்கின்ற சாதுவான பிராணி.

யேர்மனியில் பதினாறு வயது நிறையாத பிள்ளைக்குப் பெற்றோரின் சம்மதமில்லாமல் முதுகெலும்புள்ள எந்தப் பிராணியையும் கொடுக்கக் கூடாது என்று விலங்குப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. ஆகவே எனது கையொப்பம் தேவைப்பட்டது.

வீட்டில் பெரிய விவாதம். மாமி கேட்டா, "அதுக்குப் பால் வைச்சால் காணாதோ?" நயினாதீவு நாகபூஷணி அம்மனைக் கும்பிட்டு வளர்ந்தவ அப்படிக் கேட்டதில் பிழையில்லை. ஆனால் பாம்பின் உணவு பால் அல்ல. உலகத்தில் மரக்கறி உண்ணும் பாம்பு ஒன்றுமே இல்லை. மலைப்பாம்புக்கு எலி வேண்டும். உயிருள்ள எலியா, செத்த எலியா என்பதுதான் கேள்வி.

மகன் சொன்னான், "அப்பா, உயிரோட குடுக்கிறதுதான் இயற்கை எண்டு பெடியள் சொல்லுறாங்கள்."

எனக்கும் முதலில் அது சரிபோலத்தான் இருந்தது. ஊரில் வயல்வரப்பில் சாரைப்பாம்பு எலி பிடிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். பிறகு யோசித்துப் பார்த்தேன். வயலில் எலிக்கு ஓட இடமிருக்கிறது, ஒளிக்கப் பொந்து இருக்கிறது. பாம்புக்கும் வேண்டாமென்றால் விட்டுவிட்டுப் போகலாம். ஒரு மீற்றர் கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டுக்கும் போக்கிடம் இல்லை. எலியைத் தூக்கிப் போட்டதும் கதவைப் பூட்டியதும் எங்கள் கை. இதில் இயற்கை எங்கே இருக்கிறது?

அந்த நாட்களில்தான் மகனின் நண்பன் ஒருவன் வீட்டில் ஒன்று நடந்தது. பாம்பு பசியில்லாமல் படுத்திருந்திருக்கிறது. பையன் உயிருள்ள எலியைப் பெட்டிக்குள் விட்டுவிட்டு நித்திரைக்குப் போய்விட்டான். விடியப் பார்த்தால், எலி பாம்பின் முதுகைக் கடித்துக் குதறியிருந்தது. எலிக்கும் இரவு பசிக்கும் அல்லவா? தீனியோ தண்ணீரோ இல்லாமல் அடைபட்ட எலி, அசையாமல் கிடக்கும் பாம்பைக் கொறிக்கும். கண்ணைக்கூடக் கடிக்கும். உயிருள்ள இரை கொடுப்பவர்களிடமிருந்து மிருக வைத்தியர்களிடம் வருகின்ற காயங்களில் இது நன்கு தெரிந்த ஒன்று. மகன் அதைப் பார்த்துவிட்டு வந்து அன்று இரவு சாப்பிடவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1972ஆம் ஆண்டின் விலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதலாவது பிரிவே, நியாயமான காரணமில்லாமல் எந்த விலங்குக்கும் நோவோ துன்பமோ கொடுக்கக் கூடாது என்பதுதான். 2002இல் விலங்குப் பாதுகாப்பு இந்த நாட்டின் அரசியலமைப்பிலேயே சேர்க்கப்பட்டது. இந்தச் சட்டம் பாம்பை மட்டுமல்ல, எலியையும் காக்கிறது. செத்த எலியை உண்ணுகின்ற பாம்புக்கு உயிருள்ள எலியைப் போடுவதற்கு நியாயமான காரணம் என்ன? வேடிக்கை பார்ப்பது காரணமாகாது. உயிரோடு வாங்கி வீட்டில் அடித்துக் கொல்லலாம் என்றும் எண்ண வேண்டாம். முதுகெலும்புள்ள பிராணியைக் கொல்வதற்கு அதற்குரிய அறிவும் பயிற்சியும் வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது.

ஆகவே வழி, கடையில் உறையவைத்து விற்கும் எலி. அதைக் கொடுக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

பாம்பின் உடம்பில் மிகத் தடித்த இடத்தின் பருமன் எவ்வளவோ, ஏறக்குறைய அந்தப் பருமனுள்ள எலி போதும். முதல்நாள் இரவு பிறீசரிலிருந்து எடுத்து, மூடிய டப்பாவில் பிறிட்ச்சின் கீழ்த்தட்டில் வையுங்கள். கொடுப்பதற்கு முன்னர் பையில் கட்டி, சூடான தண்ணீரில் வையுங்கள். உள்ளேயும் முழுதாக உருகி, உயிருள்ள எலியின் உடற்சூடான 38 பாகை அளவுக்கு வரவேண்டும். மைக்குறோவேவில் வைக்கக் கூடாது. ஓரிடம் வெந்து ஓரிடம் உறைந்து கிடக்கும். மலைப்பாம்பின் உதட்டோரத்தில் சூட்டை உணரும் குழிகள் உண்டு. குளிர்ந்த எலி அதற்கு இரையாகத் தெரியாது. பலர் "என்ரை பாம்பு செத்ததைத் தின்னாது" என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நீளமான இடுக்கியால் பிடித்து மெல்ல அசைத்துக் காட்டுங்கள். எடுக்காவிட்டால் சில மணித்தியாலத்தில் அகற்றி எறிந்துவிடுங்கள். திரும்ப உறையவைக்க வேண்டாம். உண்டபின் இரண்டு நாளாவது பாம்பைத் தூக்கக் கூடாது, கக்கிவிடும். இந்தப் பாம்பு சில வேளை மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். நிறை குறையாவிட்டால் பயப்பட வேண்டாம். குறைந்தால் ஊர்வன தெரிந்த மிருக வைத்தியரிடம் போங்கள். வாங்கும்போதே, செத்த இரை எடுத்துப் பழகிய பாம்பா என்று கேட்டு வாங்குவது எல்லாவற்றிலும் நல்லது.

இன்னொன்று. உறைகுளிரில் சால்மொனெல்லாக் கிருமி சாகாது. 2010இல் அமெரிக்காவில் உறைந்த தீனி எலிகளால் 17 மாநிலங்களில் 34 பேருக்கு அந்த நோய் வந்தது பதிவாகியிருக்கிறது. ஆகவே குசினிப் பாத்திரம், குசினித் தொட்டி ஒன்றையும் இதற்குப் பாவிக்காதீர்கள். கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். வீட்டில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையோ, கர்ப்பிணியோ, வயதானவர்களோ இருந்தால் இன்னும் கவனம். எங்கள் வீட்டில் மாமிக்காகவே நிலவறையில் தனியாக ஒரு சிறிய பிறீசர் வைத்தோம்.

இப்போது நான் சொன்ன கணக்குக்கு வருகிறேன். வளர்ந்த பாம்புக்கு இரண்டு கிழமைக்கு ஒரு எலி என்றால், வருடத்துக்கு 26. இந்தப் பாம்பு 20 முதல் 30 வருடம் வாழும். 25 வருடம் என்று வைத்தால் 650 எலிகள். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி மகனுக்கு முன்னால் வைத்தேன். "தம்பி, நான் கையொப்பம் வைக்கிறது ஒரு பாம்புக்கில்லை. 650 உயிருக்கும் சேர்த்துத்தான்" என்றேன். அவன் நெடுநேரம் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தான். உறைந்த எலியும் பண்ணையில் பிறந்து, பெரும்பாலும் கரியமில வாயுவால் கொல்லப்பட்ட உயிர்தான். அது நோவில்லாத சாவு என்று நான் சொல்ல வரவில்லை. பெட்டிக்குள் ஓட வழியில்லாமல் பதறிச் சாவதைவிடத் துன்பம் குறைவு என்று மட்டுமே சொல்கிறேன். உயிருள்ள எலி ஒருநாளும் இந்த வீட்டுக்குள் வராது என்று அவன் சொன்ன பிறகுதான் ஒப்பமிட்டேன்.

இன்று அவன் வேறு நகரத்தில் படிக்கிறான். பாம்பு என்னுடன் இருக்கிறது. வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் விரதம் என்பதால், சனிக்கிழமைகளில் நிலவறைக்குப் போய் வாளியில் சுடுதண்ணீர் வைப்பது நான்தான். மாமி அந்தப் பக்கம் வரமாட்டா. ஆனால், "அது சாப்பிட்டதோ?" என்று மட்டும் கேட்பா.

ஆகவே பெற்றோரே, பிள்ளை கேட்டால் உடனே ஏசவும் வேண்டாம், உடனே ஒப்பமிடவும் வேண்டாம். முதலில் வீட்டு உரிமையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். பிறகு பிள்ளையுடன் இருந்து இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். உறைந்த எலியைக் கையால் எடுக்க அருவருப்பு என்றால், அந்த வீட்டுக்குப் பாம்பு வேண்டாம். பிள்ளை படிக்கப் போனபின் அந்த வேலை உங்களுடையதாகலாம்.

அடுத்த மாதம் மீண்டும் வரிக் கணக்குடன் சந்திக்கிறேன்.