கரப்பானின் தொல்வரலாறு

அடுக்களையில் விளக்கேற்றியதும் இண்டு இடுக்குகளில் ஓடி மறையும் கரப்பான் பூச்சியை நாம் அனைவரும் அறிவோம். முப்பது கோடி ஆண்டுகளாகச் சிறிதும் மாறாத பூச்சி அது என்று பலர் கூறவும் கேட்டிருக்கிறோம். பாறைகள் அதற்குச் சான்று பகர்கின்றனவா என்று இன்று காண்போம்.

நிலநூலார் நிலக்கரிக் காலம் என்று வழங்கும் ஊழியில், ஏறத்தாழ 32 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே, சதுப்புக் காடுகளில் கரப்பானை ஒத்த பூச்சிகள் மலிந்திருந்தன. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் உள்ள நிலக்கரிப் படுகைகளில் அவற்றின் புதைபடிவங்கள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. மெல்லிய உடல் அழிந்துபோக, உறுதியான முன்னிறகுகளே பெரும்பாலும் கல்லில் பதிந்து எஞ்சின. இறகின் சாயலைக் கண்டோர் அவற்றையும் கரப்பான் என்றே கருதினர்.

ஆயினும் முழு உடலும் பதிந்த கற்கள் வேறொன்றை உணர்த்துகின்றன. அப்பண்டைப் பெண்பூச்சிகளின் வயிற்று நுனியில், முட்டையிடுவதற்குரிய நீண்ட குழல் ஒன்று வெளியே நீட்டிக் கொண்டிருந்தது. இன்றைய கரப்பானுக்கு அது இல்லை. முட்டைகளைத் தடித்த உறையொன்றினுள் வரிசையாக அடுக்குவதே அதன் இயல்பு. ஆகவே, நிலக்கரிக் காலப் பூச்சிகளைக் கரப்பான், கும்பிடுபூச்சி ஆகிய இரண்டிற்கும் பொதுவான மூதாதையரின் கிளையினர் என்று கொள்வதே பொருந்தும். இன்றைய குடும்பங்களைச் சேர்ந்த கரப்பான்கள் தெளிவாகத் தோன்றுவது, டைனோசார்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் ஊழியிலேதான். மியன்மாரில் கிடைக்கும், 9.9 கோடி ஆண்டுப் பழமையுடைய அம்பர் என்னும் இறுகிய மரப்பிசினுள் அவை உருக்குலையாமல் காணப்படுகின்றன.

இம்மரபிலிருந்து கிளைத்த மற்றோர் உயிர் கறையான். மரம் தின்னும் ஒருவகைக் கரப்பானின் குடலிலும், சிலவகைக் கறையான்களின் குடலிலும், மரத்தைச் செரிக்க உதவும் ஒத்த நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. மரபணுச் சான்றுகளையும் ஆராய்ந்த அறிஞர்கள், கறையான் என்பது கூட்டுவாழ்க்கை மேற்கொண்ட கரப்பானே என்று 2007ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

மாற்றம் இன்றும் ஓய்ந்துவிடவில்லை. 1767இல் லின்னேயஸ் பெயரிட்ட ஜெர்மானியக் கரப்பான், உண்மையில் ஆசியக் கரப்பானிலிருந்து ஏறத்தாழ 2,100 ஆண்டுகளுக்கு முன் பிரிந்தது என்றும், அது நிகழ்ந்த இடம் இந்தியா அல்லது மியன்மாராக இருக்கலாம் என்றும் 2024ஆம் ஆண்டின் மரபணு ஆய்வு காட்டுகிறது. மனிதன் குளுக்கோஸ் கலந்து நச்சிரை வைத்தான். அந்த இனிப்பையே கசப்பாக உணரும் கரப்பான்கள் பிழைத்துப் பெருகின. கரப்பான் நிலைத்திருப்பது மாறாமையினால் அன்று. காலத்திற்கேற்ப மாறியதனாலேயே என்பதை நாம் உணர்தல் வேண்டும்.