கோப்பையா, குணமா?



விளையாட்டு வீரரை மக்கள் மனசுல நிறுத்துறது கோப்பையா, குணமா? எனக்கு முன்னால் பேசிய தம்பி, "கோப்பை வாங்காதவனை எவன் ஞாபகம் வெச்சிருப்பான்?" என்று ஒரு போடு போட்டுவிட்டுப் போனார். ஐயா, சென்னையில் 1953-இல் பிறந்த விஜய் அமிர்தராஜைத் தம்பிக்குத் தெரியுமா, தெரியாதா?

விம்பிள்டன் ஒற்றையர் கோப்பையை அவர் வாங்கவில்லை. ஒத்துக்கிறேன். 1973-இல் கால் இறுதி, 1981-இல் மறுபடியும் கால் இறுதி. அந்த 81-ஐ நினைச்சா இன்னிக்கும் வயிறு எரியுது! ஜிம்மி கானர்ஸுக்கு எதிரே முதல் ரெண்டு செட்டையும் ஜெயிச்சுட்டு, அடுத்த மூணையும் விட்டார். பத்திரிகை அடிச்சு, பந்தலும் போட்டப்புறம் நின்னுபோன கல்யாணம் மாதிரி. (சிரிப்பு) ஆனா ஆள் லேசுப்பட்டவர் இல்லீங்க. அமெரிக்க ஓப்பனில் 1973-இல் ராட் லேவரைத் தோற்கடித்தார். மறு வருஷம் பியான் போர்க்கை! 1983-இல் 'ஆக்டோபஸி' படத்துல ஜேம்ஸ் பாண்டுக்கே துணையா வந்து, ரவுடிகளை டென்னிஸ் மட்டையால் அடிச்சாரே, அதையும் கணக்குல சேர்த்துக்குங்க. (சிரிப்பு, கைதட்டல்)

இப்ப விஷயத்துக்கு வர்றேன். 1974, டேவிஸ் கோப்பை. விஜய்யும் அண்ணன் ஆனந்தும் ஆடிய இந்திய அணி ஆஸ்திரேலியாவை ஜெயிச்சு, சோவியத் யூனியனை ஜெயிச்சு, இறுதிப் போட்டிக்கு வந்தாச்சு. எதிரே யாரு? தென்னாப்பிரிக்கா. கறுப்பு மனிதனை ஒதுக்கி வைத்த நிறவெறி அரசாங்கம். அவங்களோட ஆட மாட்டோம் என்று இந்தியா விலகியது. ஒரு பந்துகூட அடிக்காம கோப்பை அங்கே போயிடுச்சு.

"அது அரசாங்கத்தோட முடிவு, இவர் குணம் இதுல எங்கே வந்துச்சு?"ன்னு எதிரணித் தலைவர் குறிப்பு எழுதறது தெரியுது. சரிங்க. முடிவு அரசாங்கத்தோடது. விலை கொடுத்தது யாரு? இருபது வயசுப் பையன்! அப்புறம் என்ன செஞ்சார்? நாட்டுக்கு ஆட மாட்டேன்னு முறுக்கிக்கிட்டாரா? பதிமூணு வருஷம் கழிச்சு, 1987-இல் இந்தியா மறுபடி இறுதிப் போட்டிக்குப் போனப்பவும் அணியில் அவர்தான் நிக்கிறார். சுவீடன்கிட்ட ஐந்துக்குப் பூஜ்யம்னு தோத்தோம். போகட்டும்.

சென்னையில் அமிர்தராஜ் குடும்பம் சின்னப் பசங்களுக்காக டென்னிஸ் பயிற்சி நடத்துச்சு. அதுல வந்து கத்துக்கிட்ட ஒரு பையன்தான் 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கின லியாண்டர் பயஸ். 2024-இல் சர்வதேச டென்னிஸ் ஹால் ஆஃப் ஃபேமில் அந்தப் பையனும் இவரும் ஒரே நாளில் சேர்க்கப்பட்டார்கள். ஆசியாவிலிருந்து அங்கே போன முதல் ஆண்கள் இந்த ரெண்டு பேர்தான்! (கைதட்டல்)

நடுவர் மணியில் கை வைக்கிறார். ஒரே ஒரு கேள்வி. 1974-இல் அந்தக் கோப்பையை வாங்கிக்கிட்டுப் போன தென்னாப்பிரிக்க அணியில் யார் யார் இருந்தாங்க? எதிரணித் தலைவர் ஒரே ஒரு பேர் சொல்லட்டும். அதுவரைக்கும் நான் உட்கார்ந்திருக்கேன்.