கல்லடிப் பாலத்தில் மெல்ல நடப்போம்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நேற்று மாலை எங்கள் வகுப்பினர் பதினொரு பேர் கல்லடிப் பழைய பாலத்தில் நடந்தோம். 1924இல் திறக்கப்பட்ட இரும்புப் பாலம். ஆளுநர் மானிங்கின் துணைவியார் பெயரால் ‘லேடி மானிங் பாலம்’ என்றார்கள். நமக்கு என்றும் அது கல்லடிப் பாலம்தான். நமது சங்கத்துக்கும் அதற்கும் ஏறத்தாழ ஒரே வயது.

கல்லடி, நாவற்குடாப் பிள்ளைகள் பட்டினத்துப் பாடசாலைக்கு வர அதுவே வழி. ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வாகனங்கள்தான் போகலாம். பஸ் காத்து நிற்கும். மணி அடித்துவிடுமே என்று நமக்கு நெஞ்சு படபடக்கும். யுத்த காலத்தில் சோதனைச் சாவடியில் இறங்கி, புத்தகப்பையைத் திறந்து காட்டி, தலை குனிந்து விறுவிறென்று நடந்தோம். ஆயிரம் முறை கடந்திருப்போம். ஒருநாளாவது நின்று வாவியைப் பார்த்ததில்லை.

2013இல் பக்கத்தில் புதிய பாலம் வந்தது. பெரிய வாகனங்கள் அதற்குப் போய்விட்டன. பழைய பாலத்தில் இப்போது ஆறுதலாக நடக்கலாம்.

நேற்று நின்றோம். பூரணை இரவில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையில் காதை வைத்தால் மீன் பாடுவது கேட்கும் என்று அப்பாமார் சொல்வார்கள். பாலத்துக்கு அப்பால் சிவானந்த வித்தியாலய வளவில் துயிலும் விபுலானந்த அடிகள், 1947இல் ‘யாழ் நூல்’ தந்தவர், அந்த ஓசையைக் கேட்டு வளர்ந்த மண்ணின் பிள்ளை. எங்களுக்கு நேற்றும் மீன் பாடவில்லை.

ஆனால் எங்களில் ஒருத்தி நாவலடிப் பக்கம் கைகாட்டி, ஒரு பெயரைச் சொன்னாள். எங்களோடு ஒரே வாங்கில் இருந்தவள். 2004 மார்கழி 26இல் கடல் கொண்டுபோனவள். இத்தனை வருடம் தனித்தனியே நினைத்து அழுதோம். சேர்ந்து நின்று அவள் பெயரைச் சொன்னது நேற்றுத்தான்.

சகோதரிகளே, நாளை மாலை ஐந்து மணிக்குப் பாலத்தடிக்கு வாருங்கள். மகள்மாரையும் பேத்திமாரையும் கூட்டிவாருங்கள். இங்கே இல்லாத தோழியரின் பெயர்களைச் சொல்லிக்கொண்டு, மெல்ல, அக்கரை வரை நடப்போம். இனி மணி அடிக்காது. பிந்தினாலும் ஒருவரும் ஏசமாட்டார்கள்.