கூண்டில் நிற்பவருக்கு ஒரு துணை



தோட்டத்தில் ஒரு பொருள் காணாமற் போனால் என்ன நடக்கும் என்பதை நாம் அறிவோம். காலைப் பெரட்டு முடிவதற்குள் ஒருவர் பெயர் அடிபட்டுவிடும். மாலையில் லயத்து வாசலில் தீர்ப்பும் சொல்லப்பட்டுவிடும். "அவன்தான் எடுத்தான் என்று எல்லாருக்கும் தெரியுமே, அவனுக்கு எதற்கு வக்கீல்?" என்று கேட்பவர்களும் நம்மிடையே உண்டு. இந்தக் கேள்விக்கு விடை தேடி இன்று நாம் அமெரிக்கா வரை சென்று வருவோம்.

1961ஆம் ஆண்டு, புளோரிடா மாநிலத்தில் கிளாரன்ஸ் ஏர்ல் கிடியன் என்ற ஏழை மனிதர் கைது செய்யப்பட்டார். ஒரு விளையாட்டு விடுதியை உடைத்துத் திருட நுழைந்தார் என்பது குற்றச்சாட்டு. அவர் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். "எனக்கு ஒரு வழக்கறிஞரைத் தாருங்கள்" என்று நீதிபதியிடம் கேட்டார். மரண தண்டனைக்குரிய வழக்காக இருந்தால்தான் தர முடியும் என்று பதில் வந்தது. தாமே வாதாடினார், தோற்றார். ஐந்து ஆண்டுச் சிறை கிடைத்தது.

கிடியன் ஓய்ந்துவிடவில்லை. சிறையில் கொடுத்த தாளில், பென்சிலால், நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்கு மனு எழுதினார். 1963ஆம் ஆண்டு மார்ச் மாதம் 18ஆம் நாள், நீதிபதிகள் அனைவரும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். இத்தகைய குற்ற வழக்கில் சிக்கிய ஏழைக்கு மாநில நீதிமன்றங்களும் வழக்கறிஞரைத் தந்தே ஆக வேண்டும் என்பது அத்தீர்ப்பு. மறு விசாரணையில் அவருக்கு ஒரு வழக்கறிஞர் கிடைத்தார். முன்பு எடுபட்ட அதே சாட்சியத்தை அவர் துருவித் துருவிக் கேட்டார். கிடியன் குற்றமற்றவர் என்று விடுதலையானார். ஆள் அதே ஆள்தான், குற்றச்சாட்டும் அதேதான். பக்கத்தில் விவரம் தெரிந்த ஒருவர் நின்றதால், தீர்ப்பு மாறியது.

மாநில நீதிமன்றங்களைத் தவிர, அமெரிக்காவில் கூட்டரசு நீதிமன்றங்களும் இருக்கின்றன. போதைப்பொருள் கடத்தல், வங்கிக் கொள்ளை, அஞ்சல் வழி மோசடி, வரி ஏய்ப்பு முதலிய வழக்குகள் அங்கே வரும். அந்த நீதிமன்றங்களில் இந்த உரிமை 1938ஆம் ஆண்டிலேயே உறுதியாகிவிட்டது. இப்படி அமர்த்தப்படும் வழக்கறிஞருக்கு அரசுப் பணத்தில் ஊதியம் தர 1964இல் சட்டம் செய்தார்கள். 1970க்குப் பிறகு இதற்கென்றே தனி அலுவலகங்களும் தோன்றின.

சரி, அந்த வழக்கறிஞரின் அன்றாட வேலை என்ன? நாள் முழுவதும் மேடைப் பேச்சுப் போல முழங்குவது என்று எண்ணிவிட வேண்டாம். பெரும்பாலும் சிறைக்குப் போவதும், காகிதங்களைப் படிப்பதும்தான். முதல் சந்திப்பிலேயே அவர் சொல்லும் அறிவுரை, "வழக்கைப் பற்றி என்னைத் தவிர யாரிடமும் பேசாதே. சிறைத் தொலைபேசியில் தாயிடம்கூடப் பேசாதே" என்பதாகும். சிறையிலிருந்து பேசும் பேச்சுப் பதிவு செய்யப்படும். வழக்கறிஞரிடம் ஆலோசனைக்காகச் சொன்னதையோ சட்டம் இரகசியமாகக் காக்கிறது.

அடுத்தது ஜாமீன். வெளியில் இருப்பவர் வேலைக்குப் போகலாம், பிள்ளைகளைப் பார்க்கலாம், சாட்சிகளைத் தேடவும் உதவலாம். ஆகவே, இவர் ஓடிப்போக மாட்டார், ஊருக்கு ஆபத்தும் இல்லை என்று வழக்கறிஞர் நீதிபதிக்கு எடுத்துக்காட்ட வேண்டும். பிறகு அரசுத் தரப்பின் சான்றுகளை ஒவ்வொன்றாகச் சோதிப்பார். வீட்டைச் சோதனையிட்டது சட்டப்படிதானா? வாக்குமூலம் முறைப்படி பெறப்பட்டதா? குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான முக்கியச் சான்று அரசிடம் இருந்தால், அதை மறைக்கக் கூடாது என்று 1963ஆம் ஆண்டின் மற்றொரு தீர்ப்பு கூறுகிறது.

ஆனால் மிகக் கடினமான நேரம் வேறொன்று. அந்த நீதிமன்றங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அளவில் விசாரணைக்கே போகாமல் குற்றத்தை ஒப்புக்கொள்கிறார்கள். சில போதைப்பொருள் வழக்குகளில் ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு என்று குறைந்தபட்சத் தண்டனை சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. எதிர்த்துத் தோற்றால் நீண்ட சிறை. ஒப்புக்கொண்டால் ஓரளவு குறையலாம். குற்றம் செய்யாதவரும் அஞ்சித் தலையாட்டிவிடக் கூடிய இடம் இது. இரு வழிகளின் விளைவுகளையும் வழக்கறிஞர் ஒளிவு மறைவின்றி விளக்க வேண்டும். ஆயினும் முடிவெடுக்கும் உரிமை அவருக்கு இல்லை. அது கூண்டில் நிற்பவருக்கே உரியது.

குற்றம் உறுதியான பின்னும் அவர் கைவிடுவதில்லை. நீதிபதி தண்டனை விதிக்குமுன் அந்த மனிதரின் வாழ்க்கை வரலாற்றையும் கருத வேண்டும் என்பது சட்டம். ஆகவே, வழக்கறிஞர் குடும்பத்தாரிடம் கடிதங்கள் கேட்பார். பள்ளிப் பதிவேட்டையும் மருத்துவச் சீட்டையும் தேடிப் போவார். செய்த குற்றத்தை மட்டும் பார்க்காமல், செய்தவர் யார் என்பதையும் நீதிமன்றம் காண வேண்டும் என்பதே நோக்கம்.

"குற்றவாளியைக் காப்பாற்றுவது பாவமில்லையா?" என்று கேட்கலாம். அவர் காப்பது குற்றத்தை அல்ல, நேயர்களே. மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசுடையது. அதை அரசு சரிவரச் செய்கிறதா என்று பார்ப்பதே அவர் கடமை. இன்று அடுத்த வீட்டுக்காரருக்கு அந்தக் காவல் இல்லையென்றால், நாளை நம் வீட்டுப் பிள்ளைக்கும் இருக்காது.

நம் நாட்டிலும், கைது செய்யப்பட்டவர் தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துகொள்ளவும், அவரைக் கொண்டு வாதாடவும் உரிமை உண்டு என்று அரசியலமைப்பின் 5ஆம் விதி சொல்கிறது. இதை வீட்டிலுள்ள இளைஞர்களுக்குச் சொல்லி வையுங்கள்.

ஆசிரியர்களாகிய நாமும் இதிலிருந்து கற்க வேண்டியது உண்டு. வகுப்பில் ஒரு பேனா காணாமற் போனால், ஏற்கெனவே கெட்ட பெயர் எடுத்த பையனின் பையைத்தான் நம் கை முதலில் தேடுகிறது. இனி, அவன் சொல்வதை முதலில் கேட்போம். வீட்டில் பெற்றோரும் அப்படியே கேட்கட்டும்.