சின்னப் பசுவும் ரோந்துக் கப்பலும்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

நான் நீண்ட நேரம் பேசப் போவதில்லை. ஒரு கப்பலின் கதையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

அமெரிக்கக் கடலோரக் காவல் படையிடம் ‘பீ ஐலண்ட்’ என்றொரு ரோந்துக் கப்பல் இருந்தது. 110 அடி நீளம்; நல்ல வேகம். கடத்தல்காரர்களை விரட்டுவதும், கடலில் தத்தளிப்பவர்களைக் காப்பாற்றுவதும் அதன் வேலை. வயதானதும் படையிலிருந்து ஒதுக்கிவிட்டார்கள். 2015-இல் சீ ஷெப்பர்ட் என்ற கடல் பாதுகாப்பு இயக்கம் அதை வாங்கி, ஃபார்லி மோவாட் என்ற கனடா நாட்டு எழுத்தாளரின் பெயரைச் சூட்டி, மெக்சிக்கோவின் கலிபோர்னியா வளைகுடாவுக்கு அனுப்பியது.

எதற்கு என்று கேட்கிறீர்களா? அங்கே வாக்கீட்டா என்றொரு பிராணி இருக்கிறது. ஸ்பானிய மொழியில் அந்தப் பெயருக்குச் ‘சின்னப் பசு’ என்று அர்த்தம். டால்பினுக்குச் சொந்தக்கார இனம், ஐந்தடி நீளம்தான். உலகத்தில் வேறு எந்தக் கடலிலும் கிடையாது. நம்ம வீட்டுப் பசுவைப் போலவே குட்டிக்குப் பால் கொடுக்கும். மூச்சு விடத் தண்ணீருக்கு மேலே வந்தாக வேண்டும்.

இந்தச் சின்னப் பசுவை யாரும் தேடிப் போய்ப் பிடிப்பதில்லை. தேடுவது டொடோவாபா என்ற பெரிய மீனை. அதன் வயிற்றிலுள்ள காற்றுப்பைக்குச் சீனாவில் கிலோவுக்கு ஆயிரக்கணக்கான டாலர் விலை. இரண்டும் ஏறக்குறைய ஒரே பருமன். ஆகவே ஒரே வலைக்கண்ணில் இரண்டுமே மாட்டிக்கொள்ளும். மாட்டிய சின்னப் பசு மேலே வர முடியாமல் மூச்சு முட்டிச் செத்துப்போகும். 1997-இல் ஏறக்குறைய 600 இருந்தன. 2015-இல் 60. 2018-இல் இருபதுகூட இல்லை!

அந்தக் கப்பலில் போனவர்களுக்கு ஆளைக் கைது செய்யும் அதிகாரம் கிடையாது. ஆகவே ஆளை விட்டுவிட்டு வலையைப் பிடித்தார்கள். தடை செய்யப்பட்ட வலைகளைத் தேடித் தேடி மேலே இழுத்துப் போட்டார்கள்.

நல்ல காரியம்தானே? ஆனால் கதை அதோடு முடியல. அரசாங்கம் வலைக்குத் தடை போட்டு இழப்பீடும் கொடுத்தது. அது எல்லா வீட்டு அடுப்பையும் எரிய வைக்கவில்லை. 2019 ஜனவரியில் படகுகளில் வந்தவர்கள் கல்லும் பெட்ரோல் குண்டும் வீசிக் கப்பலுக்குத் தீ வைத்தார்கள். 2020 டிசம்பர் 31-ஆம் தேதி ஒரு மீன்பிடிப் படகும் இக்கப்பலும் மோதி, மீனவர் ஒருவர் இறந்தார். யார்மேல் தவறு என்பதை இரு தரப்பும் இரு விதமாகச் சொன்னார்கள். எப்படியானாலும் போனது ஓர் உயிர். காற்றுப்பையை விற்றுப் பணக்காரன் ஆனவன் அந்தப் படகில் இல்லை.

பெற்றோர்களே, மேலே ஒருவன் விலை பேச, கீழே ஒருவன் கஷ்டப்படுவது என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

2022-இல் மெக்சிக்கோ கடற்படை, கொக்கி பொருத்திய 193 கான்கிரீட் கட்டைகளைக் கடலுக்குள் இறக்கியது. அங்கே வலை போட்டால் கொக்கியில் சிக்கிக் கிழியும் என்று மீனவர்கள் ஒதுங்கினார்கள். 2023-இல் தேடிப் பார்த்தபோது 10 முதல் 13 வரை இருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். தாயோடு குட்டியும் கண்ணில் பட்டது. ஆக, இன்னும் நம்பிக்கை போய்விடவில்லை.

மாணவச் செல்வங்களே! ஒதுக்கிப் போட்ட கப்பலும் ஓர் இனத்தைக் காக்கப் போயிற்று. அப்படியிருக்க, ‘என்னால் என்ன ஆகும்’ என்று நீங்கள் சொல்லலாமா? ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். வலையை இழுத்துப் போடுவது பாதி வேலை. வலை போட்டவனின் பிள்ளைக்கும் சோறு கிடைக்க வழி காண்பது மீதி வேலை. முதல் பாதிக்குக் கப்பல் போதும். இரண்டாவது பாதிக்குப் படித்தவர்கள் வேண்டும். ஏழையின் அடுப்பைத் தெரிந்த படித்தவர்கள் வேண்டும். அது உங்களுக்குத் தெரியும். ஆகவே நன்றாகப் படியுங்கள்.